எறும்பு ஏறிய பாய்

சூசைத்திட்டில் சாகப்போகிறவர்கள் ஒரு வருடம் முன்னாலிருந்தே இனிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த துணி மாதிரி நீளமாகக் கிடக்கும் அந்த ஊரில் காற்று உப்பு, கிணறு உப்பு, கோயில் சுவரின் சுண்ணாம்பும் உப்பு, அதனால் மனிதரின் வேர்வை உப்பாக இருப்பதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை, கோயிலில் மணி அடிக்கும் சக்கரியாஸின் தலையணையில் கறுப்பெறும்பு ஏறிய நாள்வரை. சீனி டப்பாவை எங்கே கொண்டுபோய்க் கவிழ்த்தீர் என்று அவர் பெண்சாதி அவரைத் திட்டிவிட்டு உறையை உதறினாள், மறுநாள் வேறு உறை போட்டாள், அதிலும் எறும்பு, கடைசியில் அவர் கழுத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தவள் பதநீர் குடித்த மாதிரி இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள், இந்த வயசில் உனக்கு இப்படி ஒரு யோகமா என்று தெருவும் சிரித்தது, அடுத்த மழைக்கு முன்னால் சக்கரியாஸ் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்து செத்துப்போனார். பிறகு உப்பு வாரும் பெண் ஒருத்தி இனித்தாள், தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஒன்று இனித்தது, ஊரிலேயே நல்ல நீச்சல்காரனும் இனித்த பிறகுதான் கடலோடு போனான். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இது ஏன் என்று கேட்டவர்கள் சீக்கிரமே களைத்துப்போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த அரசாங்க டாக்டர் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரரிடம் தன் மணிக்கட்டை நீட்டி, சும்மா ஒரு தடவை பாருமேன் என்றாராம். ஒருவரை ஒருவர் நக்கிப் பார்ப்பது நாய்களுக்கு உரிய காரியம் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார், பிறகு அவரே, இனித்தவர்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே சாகும் தறுவாயில் எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று மறைமாவட்ட ஆயரிடம் கேட்டு அனுமதி வாங்கி வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பூ வைக்கிற சாக்கில் பெண்ணின் நெற்றியில் விரலை ஓட்டி, மல்லிகையை முகர்வது போல விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் இனித்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவருக்குச் சீனி போடாதீரும், விரலை விட்டுக் கலக்கிக்கிடுவாரு என்று யாராவது சொல்வார்கள், அவரும் சிரித்துவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போவார்.

அவரவர் நாக்குக்கு அவரவர் இனிப்புத் தெரியாது, உடம்போடு சேர்ந்து நாக்கும் இனித்துவிடுவதால். அதற்கு இன்னொருவர் வாய் வேண்டும், அல்லது எறும்பு வேண்டும். அதனால் ஊரில் முதலில் முத்தம் நின்றுபோனது. பிறகு தெருவில் துணி காயப்போடுவது நின்றது, யார் வீட்டுச் சட்டையில் எறும்பு ஊர்கிறது என்று அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதால். வீட்டுக்குள்ளேயே காய்ந்த துணிகள் ஈரவாடை அடித்தபோது, உப்பு ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை அவர்கள் செய்தார்கள்: துவைத்த துணியை உப்பளத்துத் தண்ணீரில் அலசினார்கள், குளித்து முடித்துக் கடைசி சொம்பு அளத்துத் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊர் முழுக்க அப்பளம் மாதிரி விறைத்த உடுப்போடு நொறுநொறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து முழங்காலிட்டது. எறும்பு வராவிட்டால் சாவும் வராது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் அப்படி நம்புகிறவர்கள் மாதிரிதான் நடந்துகொண்டார்கள்.

அந்த ஊருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் ரெமிஜியா. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்கிற பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் போகாதவள், புருசன் கிளாட்வின் உப்பு லாரி ஓட்டிக்கொண்டு கேரளத்துக்குப் போனால் வாரக்கடைசியில்தான் வருவான். செரின் பிறந்த அன்று நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சில் வைத்தபோது எல்லாத் தாய்களையும் போல அவளும் உச்சந்தலையில் வாயை வைக்கப் போனாள், போன வாய் பாதியிலேயே நின்றது. இனித்தால்? அன்றிலிருந்து அவள் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்க வைத்தாள், காய்ச்சல் அடித்தால் விடிய விடிய விசிறினாள், வாயை மட்டும் வைக்கவில்லை. கிருமி தொற்றும் என்று எல்லோரிடமும் சொன்னாள். விரல் நுனியில் முத்தம் வைத்து ஊதிப் பறக்கவிடுவாள், செரின் அதை எட்டிப் பிடித்துக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு முத்தம் என்றால் பறந்து வருகிற ஒன்று.

செரினுக்கு நாலு வயசு நடக்கும்போது ஒரு விடியற்காலையில் பாயில் எறும்பு இருந்தது.

ஜன்னல் கம்பியில் இறங்கி, சுவரோரமாக வந்து, தலைமாட்டில் திரும்பி, பெரிய தலையணைக்கும் சின்னத் தலையணைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் போய் அந்தக் கறுப்புக் கோடு முடிந்தது. செரின் எப்போதும் அம்மாவின் அக்குளில் முகத்தைப் புதைத்துத்தான் தூங்கும், அம்மாவின் வேர்வை பிள்ளையின் மேலும் பிள்ளையின் வேர்வை அம்மாவின் மேலுமாக இரண்டு பேரும் ஒரே ஈரமாகத்தான் எழுந்திருப்பார்கள். எறும்பு யாருக்கு வந்தது என்று எறும்புக்குத்தான் தெரியும். ரெமிஜியா அந்தக் கோட்டைப் பார்த்தாள், மடத்தில் மனப்பாடம் செய்த செபங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நானாக இருக்கட்டும் என்பது மட்டும்தான் வந்தது. நானாக இருக்கட்டும், நானாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே துணியை நனைத்து எறும்பைத் துடைத்தாள்.

தன்னை யாரிடமாவது காட்டியிருக்கலாம். அடுத்த வீட்டிலேயே கிளாட்வினின் அக்கா ஞானப்பூ இருந்தாள், ஊரே முத்தத்தை விட்ட பிறகும் விடாத ஒரே ஆள், வெற்றிலை எச்சிலோடு பிள்ளைகளின் கன்னத்தைக் கடிக்கிறவள். ஆனால் ஞானப்பூ தொட்டுப் பார்த்துவிட்டு, உப்புத்தாம்ளா என்று சொல்லிவிட்டால்? அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? தெரியாத வரைக்கும் பாதி நம்பிக்கை இருந்தது, அந்தப் பாதியை விட ரெமிஜியாவுக்கு மனசில்லை. அதனால் ஊர் செய்ததையே அவளும் செய்தாள். பாயை அளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள், பிள்ளைக்குத் தலையிலிருந்து கால்வரை அதே தண்ணீரை ஊற்றினாள், தானும் ஊற்றிக்கொண்டாள், வெயில் பட்டால் வேர்க்கும் என்று செரினை வெளியே விடாமல் ஃபேனுக்கு அடியிலேயே உட்காரவைத்தாள். எறும்பு வரவில்லை. செரினின் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து வெடித்து, ராத்திரியெல்லாம் சொறிந்து சொறிந்து அழுதது.

ஒரு நாள் மத்தியானம் மீன் கழுவின கையோடு ஞானப்பூ வந்து வாசலில் நின்றாள்.

"ஏளா ரெமி, பிள்ளைய என்ன கருவாடு போட்டுருக்கியா?"

"வேர்க்குரு மைனி."

"வேர்க்காத பிள்ளைக்கு வேர்க்குரு வருதோ? வெளியவே விடமாட்டேங்குத." உள்ளே வந்து செரினின் கையைத் திருப்பிப் பார்த்தாள். "எறும்பு வந்துச்சா?"

ரெமிஜியா எழுந்து நின்றாள்.

"யாருக்கு?"

"தெரியல மைனி."

"நான் பாக்கட்டா?"

"வேண்டாம்." பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கால்ல விழுதேன். வேண்டாம்."

ஞானப்பூ தரையில் உட்கார்ந்தாள். கடலோடு போன அந்த நீச்சல்காரன் அவள் புருசன்தான், அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, இப்போதும் பேசுகிற மாதிரி இல்லாமல் மீன் செதிலை நகத்திலிருந்து நோண்டிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு. அவிய கன்னத்துல வாய வச்சேன், கல்கண்டு. உடனே என்ன செஞ்சேன்னு நெனைக்க? வள்ளத்தை வித்தேன். கடலுக்குப் போவக்கூடாதுன்னு கதவுக்கு வெளிய பூட்டு. அந்த வருசம் பூரா நாங்க பேசுனது ஒண்ணுதான், தொறளா, தொறக்க மாட்டேன், தொறளா, தொறக்க மாட்டேன். கடைசில கூரை ஓட்டைப் பிரிச்சு ஏறிக் குதிச்சுப் போனாவ." செதிலைச் சுண்டி எறிந்தாள். "எல்லாரும் நான் புருசனைப் பறிகொடுத்தேன்னு அழுதாவ. அந்த மனுசன் ஒரு வருசம் பூரா கல்கண்டா இருந்திருக்காவ. நான் ருசிச்சது ஒரே ஒரு தடவ. அதுக்குத்தாம்ளா நான் அழுதேன்."

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "இப்ப நக்குனாலும் கருவாட்டு ருசிதான் வரும். முதல்ல பிள்ளையக் கழுவு."

ரெமிஜியா குடிக்க வைத்திருந்த லாரித் தண்ணீரை, சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிற அந்த நல்ல தண்ணீரை, குடத்தோடு எடுத்து வந்து பிள்ளைக்கு ஊற்றினாள். எரியாத தண்ணீரை மறந்தே போயிருந்த செரின் அதிசயமாகத் தன் கைகளைப் பார்த்தது. உப்பு போன உடம்பில் ருசி என்று ஒன்றும் இருக்காது, இனி பிள்ளைக்கு வேர்க்க வேண்டும், வேர்ப்பதற்குப் பிள்ளை ஓட வேண்டும். ஃபேனுக்கு அடியில் வளர்ந்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஓடு என்றாள்.

"எங்க?"

"எங்க வேணும்னாலும்."

செரின் நாலடி போய்த் திரும்பி வந்தது. தனியாக ஓட அதற்குத் தெரியவில்லை. ரெமிஜியா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிடிக்க வர்றேன் என்று ஓடினாள், செரின் நின்று வாயைப் பிளந்தது.

"அம்மா, நீ ஓடுவியா?"

மடத்துப் பள்ளிக்கூடத்தில் ரிலே ஓட்டத்தில் கடைசிக் கட்டை வாங்குகிறவள் அவள்தான் என்பது அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடினார்கள். வள்ளங்களைச் சுற்றி ஓடினார்கள், வலைக்குள் கால் மாட்டி விழுந்து எழுந்து ஓடினார்கள், நண்டு வளையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நண்டு துரத்தியதாகச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள், மணல் சுட்டால் அலைக்குள் ஓடினார்கள், வலை பழுது பார்த்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள், டீச்சர் மாதிரி நடக்கிற கிளாட்வின் பெண்சாதிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள், எதற்காக இங்கே வந்தோம் என்பது ரெமிஜியாவுக்கே கொஞ்ச நேரம் மறந்துபோனது. மூச்சு வாங்கி மணலில் விழுந்தபோது செரின் அவள் வயிற்றின் மேல் வந்து விழுந்தது. அதன் நெற்றியில் வேர்வை பொடிப்பொடியாகக் கோத்து நின்றது.

பிள்ளையைப் பெற்று இத்தனை நாளைக்குப் பிறகு ரெமிஜியா முதல்முறையாக அதன் நெற்றியில் வாயை வைத்தாள்.

உப்பு.

சந்தேகப்பட்டுக் கன்னத்தில் வைத்தாள், உப்பு, கழுத்து மடிப்பில் வைத்தாள், உப்பு, அளத்து உப்பு இல்லை, கடல் உப்பு இல்லை, பிள்ளையின் உள்ளேயிருந்து வருகிற இளஞ்சூட்டு உப்பு, கூசுது கூசுது என்று செரின் நெளிய நெளிய அவள் விடவில்லை. தூரத்தில் மணலில் கால் புதையப் புதைய வந்த ஞானப்பூவைப் பார்த்து, "உப்பு மைனி, உப்பு" என்று கத்தினாள். ஞானப்பூவின் முகம் மலர்ந்தது, மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது. ரெமிஜியாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவளுக்கு அதுவரை வந்த சேதிகளில் அவ்வளவு சந்தோஷமான சேதி வேறு இல்லை, அது அவளுடைய சாவுச் சேதியாகவும் இருந்தது.

ஞானப்பூ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தேவையே இல்லாதபோதும், அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

"எப்படி மைனி இருக்கு?"

"கருப்பட்டிளா," என்றாள் ஞானப்பூ. "நல்ல பழங்கருப்பட்டி." அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

சேதி கேட்ட கிளாட்வின் லாரியை விட்டு இறங்காமலே அவளை ஏற்றிக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போனான், குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவன் கோபப்பட்டான், வீட்டுக்கு வந்ததும் அவனே வாளியில் அளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் துணிகளை முக்கினான். ரெமிஜியா வாளியைக் கவிழ்த்தாள்.

"இது குத்துதுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து குத்துது. நான் சொன்னதில்ல."

"ஊர் பாக்கும்டி."

"பாக்கட்டும்."

"என்னால பாக்க முடியல," என்றான், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

நல்ல தண்ணீரில் அலசிய சேலையைத் தெருவில் கொடி கட்டிக் காயப்போட்டாள். மத்தியானத்துக்குள் எறும்பு வந்தது. எதிர்வீட்டுக்காரி, பிள்ளைகள் பயப்படாதா, உள்ள போட்டா என்ன என்று சண்டைக்கு வந்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் தன் மாமனாரின் வேட்டியைக் கொண்டுவந்து அதே கொடியில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வேட்டியிலும் எறும்பு ஏறியது. அதன் பிறகு தெருவில் ஒவ்வொன்றாகக் கொடிகள் முளைத்தன, எல்லா வீட்டிலும் இல்லை, சில வீடுகளில்.

ரெமிஜியாவுக்குத் தைரியம் வந்துவிட்டதாக ஊர் சொன்னது. அப்படி ஒன்றும் வரவில்லை. சோறு ஆக்கும்போது குழம்பு கொதிக்கிற சத்தத்தில் மறைந்துகொண்டு அழுவாள். ஆனால் பயந்துகொண்டே செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருந்தன. ஐந்து வருடமாக ஒத்துக்கொண்டுவந்த மீன்தலைக் குழம்பு தனக்குப் பிடிக்காது என்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவனை நினைத்திருந்ததைக் கிளாட்வினிடம் சொன்னாள், அவன் யோசித்துவிட்டு, நானும்தான் என்றான், இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். பொம்பளைகள் கால் மட்டும் நனைக்கிற கடலில் கழுத்தளவு இறங்கி, ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டு மிதக்கப் பழகினாள். பிள்ளைக்கு ஞாபகத்துக்கு இருக்கட்டும், போனில் பேசிப் பதிந்து வை என்று ஞானப்பூ சொன்னபோது உட்கார்ந்து பதிந்தாள், கண்ணே நீ பெரியவளானதும் என்று ஆரம்பித்தபோது செரின் வந்து மடியை இழுத்தது, சும்மா இரு, அம்மா உன்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன் என்று அதட்டினாள், அதட்டியது காதில் விழுந்ததும் போனை அணைத்தாள். பிறகு பதியவே இல்லை.

செரின் இதற்குள் அம்மாவின் ருசியைக் கண்டுபிடித்திருந்தது. எழுந்ததும் முதல் வேலை அதுதான், பாயில் உருண்டு வந்து தோள், கழுத்து, கன்னம் என்று வாயை வைத்துச் சப்புக்கொட்டும், அம்மா பாயாசம் என்று சொல்லிக்கொண்டு தெருவுக்கு ஓடும். ரெமிஜியா தடுக்கவில்லை. பதிலுக்கு அவளும் பிள்ளையின் உப்பைத் தின்றாள், வருசக்கணக்கில் தின்னாமல் விட்டதையெல்லாம் சேர்த்து.

மழைக்காலம் நெருங்கிய ஒரு காலையில் செரின் உருண்டு வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"என்னடா?"

தலையை ஆட்டியது.

"வாயில என்ன?"

கையை எடுக்காமலே விரல் சந்து வழியாகப் பேசியது. "இனிச்சா செத்துப்போவாங்களாம். சைனி சொன்னா."

தெருவில் கூட விளையாடுகிற பிள்ளை. ரெமிஜியாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த இல்லை எவ்வளவு நாளைக்குச் செல்லும் என்றும் தெரிந்தது.

"ஆமா," என்றாள்.

"நீயுமா?"

"நானும்தான்."

செரின் அதை யோசித்தது. கண் நிறைந்து வழிந்தது, கை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை. "நான் டெய்லி நக்குனேன்ல. அதான் தீந்துபோற. இனி நக்கமாட்டேன்மா. நீ இரு."

ரெமிஜியாவுக்கு ஊரெல்லாம் ஒரு நிமிடம் கண்முன் வந்து போனது, விறைத்த உடுப்புகளும் பூட்டிய கதவும் விரலிலிருந்து ஊதிவிட்ட முத்தங்களும் எல்லாம் அந்தச் சின்னக் கைகளுக்குள் வந்து பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. பாயில் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டின் மேல் அன்றைய எறும்புகள் ஏற ஆரம்பித்திருந்தன.

"நீ நக்கி ஒண்ணும் குறையல தங்கம். நீ வரலைன்னாலும் தீந்துதான் போகும். அதுக்குள்ள இதுங்க தின்னுரும்."

செரின் எறும்புகளைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. திரும்பவும் எறும்புகளைப் பார்த்தது.

"எல்லாத்தையுமா?"

"நீ விட்டா எல்லாத்தையும்."

வெளியே ஞானப்பூ யாரையோ திட்டிக்கொண்டு போனாள். பிறகு செரின் வாயிலிருந்து கையை எடுத்து, தவழ்ந்து வந்து, எறும்புகளை ஒவ்வொன்றாக, கோபமாக, ஊதித் தள்ளிவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.